தென்மராட்சிக்குக் கிக் பொக்சிங் பயிற்சி பொருந்துமா?

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் என்பது கண்ணால் காண அரிதான பொருள். மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய சில மோட்டார் சைக்கிள்களை விட்டால், சாவகச்சேரிச் சந்தைக்கு மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் பெரும்பாலும் சைக்கிள் கரியரில்தான் வந்து சேர்ந்தன. மட்டுவிலிலிருந்து பள்ளிக்கூடம் வந்த பிள்ளையும், மீசாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன தாயும், நுணாவிலிலிருந்து வேலைக்குப் போன தகப்பனும் மிதித்துத்தான் போனார்கள். அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்குள் வந்து விழுந்ததையும், 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே இடம்பெயர்ந்து சாவகச்சேரி இடிபாடானதையும் கண்டவர்களுக்கு அந்தச் சைக்கிளின் விலை தெரியும்.

ஆனால் பிறகு வந்த இலகுவுக்கும் ஒரு விலை இருந்தது. 2009க்குப் பின் ஏ9 வீதி முழுதாய்த் திறந்தது. 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடியது. லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் வீட்டுக்கு வீடு வந்தன. கிணற்றுக்கு மோட்டர், அம்மிக்குப் பதில் கிரைண்டர், உரலுக்குப் பதில் மில். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது பழைய சைக்கிள்களுக்குக் கொஞ்ச நாள் மவுசு வந்தது. பெற்றோல் வந்ததும் அவை மறுபடி சுவரில் சாய்ந்தன. முன்பு நாள் முழுதும் தானாக நடந்த உடலுழைப்பை இன்று நாமே நேரம் ஒதுக்கிச் செய்யவேண்டியிருக்கிறது.

நாட்டின் கணக்கு கவலை தருகிறது. 2005–06 காலத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018–19 காலத்தின் இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வு, வளர்ந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவும் மேலும் 30.5 வீதமானோருக்கு அதற்கு முந்திய நிலையும் இருப்பதாகச் சொன்னது. இரண்டும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவை அல்ல. ஒன்றோடொன்றை நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்: வளர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் சீனி வருத்தத்தின் உள்ளே அல்லது வாசலில் நிற்கிறார்கள். நம்மைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு இது இன்னும் சிக்கலானது. மெலிந்தவராகத் தோன்றுபவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். தசை குறைவாக இருக்கும். ஆகவே, தராசு முள் காட்டும் நிறையைவிட இடுப்புச் சுற்றளவே நமக்கு நம்பகமான அளவு. ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் கவனிக்கவேண்டும்.

கிளினிக்கில் வைத்தியர் சொல்லும் வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம்: “ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ.” நல்ல அறிவுரைதான், நடப்பவருக்கு. பின்னேரம் ஏ9 ஓரத்தில் பஸ்ஸும் லொறியும் உரசிக்கொண்டு போகும்போது எங்கே நடப்பது? உள்வீதிகளில் நாய்கள். இருட்டியபின் தனியே நடக்கும் பெண்ணுக்கு ஊரின் கண்கள். இன்னொரு குறையையும் வைத்தியர்கள் போதிய அளவு சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ செய்யவேண்டும் என்பது முதல் பாதிதான். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பது மறு பாதி. நடை இந்த மறு பாதியைத் தொடுவதில்லை.

இங்கேதான் கிக் பொக்சிங் என் கவனத்துக்கு வருகிறது. பெயரைக் கேட்டதும் இரத்தம் வழியும் முகங்கள் நினைவுக்கு வரும். அதனால் முதலில் இரண்டைப் பிரித்துவிடவேண்டும். கராத்தேயையும் தாய்லாந்தின் முவே தாயையும் இணைத்து, ஜப்பானில் ஒசாமு நொகுச்சி 1966இல் மேடையேற்றிய போட்டி ஒன்று. அது வளர்ந்து, 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் பெற்ற விளையாட்டாகியது. மற்றது அந்த அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிராளி இல்லாமல், காற்றிலும் பையிலும் குத்தி உதைத்துச் செய்யும் உடற்பயிற்சி. அமெரிக்கரான பில்லி பிளாங்ஸ் தொண்ணூறுகளின் இறுதியில் தே போ என்ற பெயரில் வீடியோக் கசெட்டுகளாக விற்று உலகம் முழுதும் பரப்பியது இந்த இரண்டாவதைத்தான். இக்கட்டுரை பேசுவதும் அதைத்தான். தலையில் ஓர் அடிகூட விழாத பயிற்சி அது.

ஒரு மணித்தியாலப் பயிற்சி எப்படி இருக்கும்? பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குதல்: கயிறடித்தல், தோளும் இடுப்பும் சுழற்றுதல். பிறகு நிற்கும் முறை. இடது கால் முன்னே, வலது குதி சற்றே உயர்ந்து, கை இரண்டும் கன்னத்தருகே. நேர்க்குத்து, குறுக்குக் குத்து, வளைகுத்து. முன்னுதை, சுழல் உதை. இவற்றைக் கோத்து இரண்டு அல்லது மூன்று நிமிடச் சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிட ஓய்வு. வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கைதான் வேலை செய்வது போலத் தெரியும். உண்மையில் குத்தின் பலம் பின்னங்காலின் பாதம் தரையை உந்துவதில் பிறந்து, இடுப்புத் திரும்பி, வயிற்றுத் தசைகள் வழியாகத் தோளுக்கு ஏறிக் கடைசியில் முட்டிக்கு வருகிறது. எனவேதான் சரியாகக் குத்தப் பழகியவருக்கு மறுநாள் நோவது கையைவிட விலாவும் தொடையும்.

இந்தச் சுற்று முறையில்தான் அதன் முதற்பயன் இருக்கிறது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்க உழைத்து, கொஞ்சம் ஆறி, மறுபடி உழைப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குறுகிய நேரத்தில் பெரிய வேலை கொடுக்கும். துனீசிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 30 பேரை இரண்டு குழுவாக்கினார்கள். 15 பேர் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம், ஐந்து வாரம் கிக் பொக்சிங் பயின்றார்கள். முடிவில் அவர்களின் மேலுடல் வலு, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன், வளையும் தன்மை, வேகம், சுறுசுறுப்பு எல்லாம் கூடியிருந்தன. ஐந்து வாரத்தில் இது நல்ல பலன்தான். ஆனால் 15 பேர் என்பது ஒரு வகுப்பறையின் ஒரு வரிசை. அதை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்லமுடியாது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2015இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்தது. வயிற்றுப் பருமன் உள்ள 12 பேரில் பாதிப்பேர் பொக்சிங் பயிற்சியும் பாதிப்பேர் விரைநடையும் 12 வாரம் செய்தார்கள். பொக்சிங் செய்தவர்களுக்கு உடற்கொழுப்பும் மேல் இரத்த அழுத்தமும் குறைந்தன, உடற்தகுதி கூடியது. நடந்தவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. இது மிகச் சிறிய முன்னோடி ஆய்வு. அதில் உதையும் இல்லை. இருந்தும் கிளினிக்கின் வழக்கமான அறிவுரையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு என்பதால் அதை நான் மதிக்கிறேன்.

கலோரிக் கணக்கில் விளம்பரங்கள் கூசாமல் மிகைப்படுத்துகின்றன. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உடலுழைப்பு அட்டவணை, கராத்தே, கிக் பொக்சிங் போன்ற தற்காப்புக் கலைகளை ஓய்வு நிலையைவிட 10.3 மடங்கு என்று கணிக்கிறது. அப்படியானால் 60 கிலோ உள்ள ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் சுமார் 618 கலோரி செலவழிக்கவேண்டும். ஆனால் அமெரிக்க உடற்பயிற்சிப் பேரவை தொண்ணூறுகளின் இறுதியில் இசையோடு செய்யும் கிக் பொக்சிங் வகுப்புகளை அளந்தபோது கிடைத்தது 350 முதல் 450 வரைதான். விளக்கம் எளிது. வகுப்பில் ஒரு மணித்தியாலமும் ஒருவர் முழு வேகத்தில் குத்துவதில்லை. படியைக் கற்கிறார், ஓய்கிறார், தண்ணீர் குடிக்கிறார். வகுப்பு முடிந்து வரும் வழியில் இரண்டு ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் உள்ளே போனால், செலவழித்ததில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். நிறை குறைவதற்குச் சோற்றுக் கோப்பைதான் முதலில் பொறுப்பு. உடற்பயிற்சியின் வேலை வேறு.

அந்த வேறு வேலையைத்தான் நீரிழிவு உள்ள வீட்டில் விளங்கிக்கொள்ளவேண்டும். நாம் உண்ணும் சோற்றிலிருந்து வரும் குளுக்கோசைப் பெருமளவில் உள்வாங்கும் உறுப்பு தசை. சாதாரண வேளையில் அதற்கு இன்சுலின் என்ற திறப்பு வேண்டும். உழைக்கும் தசையோ இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பின்னும் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள், இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். இதனால்தான் நீரிழிவு உள்ளவர் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடக்கூடாது என்கிறார்கள். கிக் பொக்சிங்கில் தொடை, பிட்டம், முதுகு, தோள் என உடலின் பெரிய தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுபடுகின்றன. ஒன்றுவிட்ட நாள் செய்தாலே போதும். ஒரு தடவைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள் என்றால் கடுமையான உழைப்புக்குச் சொல்லப்பட்ட 75 நிமிடம் நிறைந்துவிடும்.

இரண்டாவது பயன் பலரும் கவனியாதது: சமநிலை. ஒவ்வொரு உதையின் போதும் ஒற்றைக் காலில் நிற்கிறோம். மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு ஐந்து வாரம் கிக் பொக்சிங் கற்பித்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் சிறு ஆய்வில், சமநிலையும் நடமாட்டமும் பலருக்குத் தேறின. பார்க்கின்சன் நோயாளருக்கென்றே அடிபடாத பொக்சிங் வகுப்புகள் 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியுள்ளன. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மம்மா இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. விழுந்தபின் செய்வதைவிட, ஐம்பது வயதில் காலைத் தூக்கி நிற்கப் பழகுவது மலிவு. முழு உயரத்துக்கு உதைக்கத் தேவையில்லை. முழங்கால் உயரத்தில் மெதுவாக நீட்டி மடக்கினாலே அந்தப் பயிற்சி நடந்துவிடும்.

மனதைப் பற்றிய பேச்சு வரும்போது நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். அடிபடாத பொக்சிங் பயிற்சியால் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சு வாங்கச் செய்யும் எந்தப் பயிற்சிக்கும் அப்படியான பலன் உண்டு. “கோபத்தைப் பையில் குத்தித் தீர்த்துவிடு” என்ற அறிவுரையோ பிழையானது. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை, கூடியது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். ஆகவே பயிற்சியாளர் “உனக்குப் பிடிக்காத முகத்தை நினைத்து அடி” என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. காலை எங்கே வைப்பது, மூச்சை எப்போது விடுவது என்பதில் மனதை நிறுத்தினால்தான் அமைதி வரும்.

தென்மராட்சியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. போர் நம் மக்கள் மனதில் விட்டுச்சென்ற வடுவைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். திடீரென்று வெடிக்கும் சத்தம், அதட்டும் குரல், பின்னாலிருந்து வரும் கை ஆகியவை சிலருக்கு இருபது வருடத்துக்கு முந்திய நாளை ஒரு நொடியில் கொண்டுவந்துவிடும். இராணுவ முகாம் பாணியில் கத்திப் பயிற்றுவிப்பது வேறு ஊர்களில் வேடிக்கையாக இருக்கலாம், இங்கே அது வேண்டாம். கதவருகே நிற்க விரும்புபவரை அங்கேயே நிற்க விடவேண்டும். நடுவில் வெளியேறுபவரிடம் காரணம் கேட்கக்கூடாது.

தற்காப்பு என்ற பெயரில் பெண்பிள்ளைகளை ஈர்ப்பதும் நடக்கிறது. கனடாவில் சார்லின் சென் தலைமையில் செய்யப்பட்டு 2015இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 12 மணித்தியாலப் பயிற்சி பெற்ற பல்கலைக்கழக மாணவிகளுக்கு ஒரு வருடத்தில் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. ஆனால் அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி, அறிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை முன்கூட்டியே இனங்காண்பதும் தயங்காமல் எதிர்ப்பதும் பற்றியது. அடிப்பது அதன் ஒரு பகுதி மட்டும். சுழல் உதை ஒன்றைக் கற்றதால் மட்டும் பிள்ளை பாதுகாப்பாகிவிட்டாள் என்று பெற்றோர் எண்ணக்கூடாது. தன் குரல் உரத்து ஒலிப்பதைக் கேட்கும் துணிவு அந்த வகுப்பில் கிடைக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை.

போட்டிக்குப் போகும் பிள்ளைகளும் வருவார்கள். முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானின் லாகூரில் நடந்த போட்டியில் தங்கம் வென்றபோது வன்னி முழுதும் மகிழ்ந்தது. சாவகச்சேரிக்கும் விளையாட்டுப் பெருமை புதிதல்ல. கோலூன்றிப் பாய்தலில் நாடறிந்த அருந்தவராசா புவிதரன் சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் பிள்ளை. அவர்களைப் பார்த்து வரும் சிறுவர்களுக்குக் கற்பிப்பவர் ஒரு கோட்டைக் கீறிவிடவேண்டும். அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகமும் கனேடியச் சிறுவர் மருத்துவச் சங்கமும் 2011இல் சிறுவர்களின் பொக்சிங்கை வெளிப்படையாக எதிர்த்தன. தலையில் குத்துவதே நோக்கமாக உள்ள விளையாட்டு வளரும் மூளைக்கு ஆகாது என்பது அவர்கள் வாதம். தலைக்கவசம் முகக் காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை நிறுத்தாது. என் நிலைப்பாடும் அதுவே: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பையும் பாட்டும் போதும், தலைக்கு அடிக்கும் பயிற்சிச் சண்டை வேண்டாம்.

அடிபடாத பயிற்சியிலும் காயம் வரும். 2003இல் அமெரிக்காவில் ஐந்நூறுக்கு மேற்பட்டோரிடம் கேட்டறிந்த ஓர் ஆய்வில் பத்துக்கு மூன்று பேர் அளவில் ஏதோவொரு காயத்தைச் சொன்னார்கள். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அவசரம். சுழல் உதையில் ஊன்றிய பாதம் உதையோடு சேர்ந்து திரும்பவேண்டும். அது தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க உடம்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுதும் முழங்காலுக்குப் போகும். நம் மணல் முற்றம் நடக்க இதமானது. ஆனால் பாதத்தை விழுங்கிக்கொள்வதால் உதை பழக ஏற்றதல்ல. சீமெந்துத் தரையோ குதிக்கும்போது கணுக்காலைப் பதம் பார்க்கும். அதன்மேல் தடித்த ரப்பர் பாய் விரிக்கலாம். காற்றில் குத்தும்போது முழங்கையை முற்றாக நீட்டி உதறுவது இன்னொரு பிழை. ஒரு மாதத்தில் முழங்கை நோகும்.

பொருட்செலவு பெரிதல்ல. ஒரு தடித்த உரப்பையை இரண்டு மடங்காக்கி, பழஞ்சீலைகளையும் கிழிந்த சாரங்களையும் இறுக்கி அடைத்தால் 25, 30 கிலோ தேறும். வீட்டு மாமரத்துக் கொப்பு தாங்கும். மணல் மட்டும் நிரப்புவது கூடாது. நாளடைவில் அது அடியில் இறங்கிக் கல்லாகி மணிக்கட்டை உடைக்கும். கைக்குச் சுற்றும் பட்டியைப் பருத்தித் துணியில் கிழித்துக்கொள்ளலாம், கையுறை மட்டும் வாங்கவேண்டும். நேரத்தைப் பார்க்கவேண்டும்: சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறு மணிக்கோ பின்னேரம் ஆறுக்குப் பிறகோ, அருகில் தண்ணீரோடு.

கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. இன்சுலின் ஊசி அல்லது சீனியை வேகமாய் இறக்கும் குளிசை எடுப்பவருக்குப் பயிற்சியின் நடுவில் சீனி விழலாம். சட்டைப்பையில் குளுக்கோசோ இரண்டு ரொபியோ இருக்கட்டும். விழித்திரையில் இரத்தக்குழாய்ப் பாதிப்பு முற்றியவர் கடும் பயிற்சி செய்யக்கூடாது. பாதம் மரத்தவர் வெறுங்காலால் உதைக்கவே கூடாது. பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு நாளும் பாதத்தின் அடியைப் பார்க்கவேண்டும். பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கிக் குத்தினால் அழுத்தம் ஏறும். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடவேண்டும். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சாவகச்சேரியில் ஆதார வைத்தியசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை, வடக்கில் தற்காப்பு வகுப்புகள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நடக்கின்றன. இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுவது அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மாருக்கு. முப்பத்தைந்து, நாற்பது வயது, கர்ப்ப காலத்தில் சீனி ஏறி இறங்கியிருக்கும், அம்மாவுக்கு நீரிழிவு, காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்துக்குப் படுப்பவர். பின்னேரங்களில் ரியூசன் வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள். நேரம் இல்லை என்பவர்களிடம் அந்த நேரம் இருக்கிறது. இடம்தான் இல்லை. அருகிலுள்ள சனசமூக நிலையத்தின் மண்டபமோ பாடசாலையின் பிரதான மண்டபமோ வாரத்தில் மூன்று பின்னேரம் கிடைத்தால், யன்னலுக்கு ஒரு திரை, ஒரு பெண் பயிற்சியாளர், நான்கு பைகள் இருந்தால் போதும். சல்வாரோடு செய்யலாம், உயர உதைக்கவேண்டிய கட்டாயமில்லை. முதல் மாதம் நிற்கும் முறையும் நேர்க்குத்தும் முன்னுதையும் மட்டும். இடுப்புச் சுற்றளவை முதல் நாளும் மூன்றாம் மாதமும் அளந்து கொப்பியில் எழுதட்டும்; கிளினிக்கில் எடுக்கும் சீனி அளவையும் பக்கத்தில் எழுதட்டும். ஒரு சனசமூக நிலையம் இதை ஓர் ஆண்டு ஒழுங்காகச் செய்தால், துனீசியாவின் பதினைந்து பேரையும் அவுஸ்திரேலியாவின் பன்னிரண்டு பேரையும் வைத்து ஊகிக்க வேண்டியிராது. தென்மராட்சிப் பெண்களின் எண்களையே நம் வைத்தியர்கள் கையில் கொடுக்கலாம்.